கூடை கனமில்லை, பெட்டிதான் பெருசு

வணக்கம் சகோ. ஒரு கிலோகூட இல்லாத பிரம்புக் கூடைக்கு அனுப்புற செலவு எகிறிப்போச்சு, விலையை ஏத்தினா ஆர்டர் நின்னுடுதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கென்னவோ நீங்க காசு கட்டுறது பெட்டிக்குள்ள இருக்கிற காத்துக்குன்னு தோணுது. பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வர்றதைக் கிலோவா எடுத்துக்குவாங்க. அந்தக் கிலோ, நிஜ எடை ரெண்டுல எது அதிகமோ அதுக்குத்தான் கட்டணம். 40×40×30 பெட்டின்னா 9.6 கிலோ! அதையே 35×35×25 ஆக்கினா 6.1 சொச்சம்தான்.

ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்குற மூணு கூடையை ஒரே செட்டா வித்துப் பாருங்க. பெட்டி ஒண்ணு, செலவு மூணாப் பிரியும். கைப்பிடியைக் கழட்டி உள்ளே வைக்கிற மாதிரி பின்ன முடியுமா? முடிஞ்சா பெட்டியோட உயரம் குறையும்.

'இலவச டெலிவரி' மட்டும் வேண்டாம் (நான் அதுல கையைச் சுட்டுக்கிட்டவன்). அந்தச் செலவைக் கூடை விலையிலேயே சேர்த்தா, பக்கத்துல இருக்கிறவர் தூரத்து ஆளோட செலவையும் சேர்த்துச் சுமக்கிற மாதிரி ஆயிடும். கட்டணத்தைத் தனியாவே காட்டுங்க.

இப்போ எந்த அளவுப் பெட்டியில அனுப்புறீங்க?