மேல் தோட்டத்துக்கும் ஏறிவிட்ட பெர்ரி போரர்

கேள்வி: கீழ்ப்பழனி மலையில், 1,300 மீட்டர் உயரத்தில் நான்கு ஏக்கர் அரபிகா காப்பி வைத்திருக்கிறேன். எங்கள் குளிருக்குக் காயைத் துளைக்கும் வண்டான பெர்ரி போரர் வராது என்பார் அப்பா. இரண்டு வருடமாகக் காயின் தொப்புளில் குண்டூசி அளவு துளை தெரிகிறது. கடையில் கொடுத்த மருந்தை அடித்தும் நிற்கவில்லை. வேறு எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: அப்பா சொன்னது அன்றைக்குச் சரி. சுமார் 15 டிகிரிக்குக் கீழே இந்த வண்டு வளராது. 1990-ல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் நம் நாட்டில் முதலில் தென்பட்டபோது, உயரமான தோட்டங்களுக்குக் குளிரே காவல். வெப்பம் கூடக் கூட வண்டும் மேலே ஏறுகிறது. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைச் சரிவிலும் அதுதான் நடந்திருக்கிறது.

துளை தெரிகிறதென்றால் வண்டு பெரும்பாலும் விதைக்குள் போயாயிற்று. உள்ளே போனபின் மேலே அடிக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது. இது தெரிந்தும் டப்பாவை விற்கிற கடைக்காரரை நான் மன்னிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, செடி எத்தனை தவணை பூக்கிறது என்பதை. செடியைப் பூக்கவைக்கும் பூமழை ஒழுங்காகப் பெய்து ஒரே வீச்சில் பூத்தால், அறுவடை முடிந்து புதுக் காயின் விதை கெட்டிப்படும்வரை வண்டுக்கு இரை கிடையாது. பருவம் தப்பிய மழையில் முன்னும் பின்னும் பூத்தால், வருடம் முழுக்க ஏதாவது ஒரு காய் அதற்குத் தயாராக இருக்கும். அந்தப் பருவம் தப்பிய காய்களைப் பார்த்த இடத்திலேயே பறித்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் உதிர்காய். பெண் வண்டு காய்க்குள்ளேயே உடன்பிறந்த ஆணுடன் இணைந்து, கருவோடுதான் வெளியே வருகிறது. தரையில் கிடக்கும் ஒரே காய் போதும், அடுத்த மழையில் கிளம்பிவிடும். பறிக்கும்போது செடியடியில் படுதா விரியுங்கள். பறித்து முடிந்ததும், செடியில் விட்டுப்போனதையும் மண்ணில் கிடப்பதையும் ஒன்றுவிடாமல் பொறுக்க ஆள் விடுங்கள். துளைபட்டதைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கியெடுங்கள். கூலி அதிகம் என்பீர்கள். மருந்துக்கு வைத்த பணத்தை அதற்குக் கொடுங்கள். கூலி மிச்சம் பிடிக்கிறேன் என்று உதிர்காயை விட்ட தோட்டத்தில் போரர் குறைந்து நான் பார்த்ததில்லை.

எத்தனால், மெத்தனால் கலவையால் வண்டை இழுக்கும் பொறிகளை அறுவடைக்குப் பிறகு வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அடர்ந்த நிழல் போரருக்குப் பிடிக்கும் என்று நிழல் மரத்தையெல்லாம் வெட்டவும் வேண்டாம். வெயில் விழுந்தால் தண்டுத் துளைப்பான் என்ற வேறு வண்டு வரும். கிளையை மட்டும் கவாத்து செய்யுங்கள்.

பக்கத்துத் தோட்டம் பராமரிப்பில்லாமல் கிடந்தால், உரிமையாளரிடம் பேசி அங்கும் காயைப் பறித்துவிடுங்கள். வண்டு அங்கிருந்து பறந்தே வந்துவிடும்.