தக்காளியின் அடிக்கறுப்பும் முட்டை ஓடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாடியில் பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிகிறது. கால்சியம் பற்றாக்குறை என்றார்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன். வினிகரில் கரைத்து இலையிலும் தெளித்தேன். நிற்கவில்லை. வாத்து முட்டை ஓடு போட்டால் பலன் இருக்குமா?

*

அன்புள்ள சகோதரி,

வாத்தோ கோழியோ, ஓடு ஓடுதான். இரண்டிலும் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். அதை விடுங்கள். அடுக்களைக் கழிவை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்ற உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் இவ்வளவு எழுதியவர், தண்ணீர் எப்போது ஊற்றுகிறீர்கள், எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! கோளாறு அங்கேதான்.

கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். இலை நிறைய நீரை ஆவியாக்கும், காய் கொஞ்சம்தான். அதனால் ஏறி வருவதில் பெரும்பங்கு இலைக்கே போகிறது. இலைக்குப் போனது காய்க்குத் திரும்பாது. தெளித்தது வீணானது அதனால்தான். இன்றைக்கு வெள்ளமாக ஊற்றி நாளைக்கு மறந்தால், பை காய்ந்த அந்த நேரத்தில் வேகமாகப் பருக்கும் பிஞ்சுக்குக் கால்சியம் எட்டாது. காயில் காம்புக்கு எதிர்ப்பக்கம்தான் கடைசி. அங்கே திசு செத்துவிடும். கறுப்பு வெளியே தெரிவது பிறகுதான். அதற்குள் எல்லோரும் ஓட்டைத் தேடிப் போய்விடுகிறீர்கள்!

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டவில்லையென்றால், பையின் அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். கோடையில் காலை, மாலை இரண்டு வேளையும் பாருங்கள். மேலே காய்ந்த சருகால் மூடாக்கு போடுங்கள். யூரியா போட்டால் நிறுத்துங்கள். அதிலிருந்து வரும் அமோனியம், வேர் கால்சியம் எடுப்பதைத் தடுக்கும். கறுத்த காய் தேறாது, கிள்ளிவிடுங்கள்.

இனி ஓடு. ஒரு கோழிமுட்டை ஓடு 5, 6 கிராம் இருக்கும். அதில் கால்சியம் சுமார் 2 கிராம். சில்லாகப் போட்டால் மாதக்கணக்கில் சில்லாகவே கிடக்கும். கழுவி, நன்றாகக் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்து, நடுவதற்கு முன்பே மண்ணில் கலக்கவேண்டும். காய் பிடித்தபின் தூவி அந்தப் பருவத்துக்குப் பெரிதாகப் பயனில்லை. மண்ணில் எலுமிச்சைச்சாறு விட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, ஓடு தேவையே இல்லை. வினிகரா? ஒரு ஓடு முழுக்கக் கரைய 5 சதவீத வினிகர் ஏறக்குறைய 120 மில்லி வேண்டும். அந்தக் காசுக்கு ஒரு பூவாளி வாங்கலாம்.

பை எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். 12 அங்குலப் பையில் ஒரு செடிக்கு மேல் இருந்தால், மற்றதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.