அப்பச்சியின் சீப்பில் என்ன இருக்கிறது?

கேள்வி: பள்ளத்தூர் பொது வீட்டில் எங்களுக்குப் பங்கு உண்டு. அப்பச்சி (என் அப்பா) 2019-ல் தவறிவிட்டார், தகனம்தான். நான் 1967-ல் ஈப்போவில் பிறந்தவன். இப்போது பங்கு பிரிக்கும் நேரத்தில் சித்தப்பா, "உன்னை மலேயாவில் எடுத்து வளர்த்தார்கள், நீ எங்கள் ரத்தம் இல்லை" என்கிறார். ஏஜென்ட் ஒருவர், அப்பச்சியின் சீப்பில் உள்ள முடியையும் சால்வையையும் கொடுத்தால் 28,000 ரூபாய்க்கு டி.என்.ஏ. ரிப்போர்ட் வாங்கித் தருகிறேன் என்கிறார். முடியில் தெரியுமா? ஆத்தாவுக்கு (என் அம்மாவுக்கு) 81 வயது, என்னோடுதான் இருக்கிறார்கள்.
– வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. ஆத்தா வீட்டில் இருக்கும்போது சீப்பைத் தேடி எதற்கு அலைகிறீர்கள்?

முதலில் முடி. சீப்பில் சிக்குவது பெரும்பாலும் தானாக உதிர்ந்த முடி. அப்பா-பிள்ளை உறவைச் சொல்லும் டி.என்.ஏ. உயிரணுவின் உட்கருவுக்குள் இருக்கிறது. உதிர்ந்த முடித்தண்டில் அது உருப்படியாகக் கிடைப்பது அபூர்வம். தண்டில் கிடைப்பது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாய்வழியில் மட்டுமே வரும். அப்பச்சியின் முடியில் இருப்பது உங்கள் அப்பத்தாவுடையது, உங்களிடம் இருப்பது ஆத்தாவுடையது. இரண்டையும் ஒப்பிட்டு என்ன காண்பது? அஸ்தியைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சாது.

சால்வையில் தோல் செல் ஒட்டியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக அதை யார் யார் மடித்தார்கள், யார் போர்த்தினார்கள்? பி.சி.ஆர். என்ற முறை டி.என்.ஏ.வைச் சூடாக்கிப் பிரித்து, ஆறவைத்து, நகல் எடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பாகும். ஒன்று 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டிவிடும். வட்டிக்கு வட்டிக் கணக்கை நம் ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், யாருடைய முதல் என்று அந்த இயந்திரம் கேட்காது. ஏஜென்ட் தும்மிய துளியையும் அதே வட்டியில் பெருக்கும். நான் லேபில் இருந்த காலத்தில், பிளாஸ்டிக் கவரில் கட்டிய ஒரு சீப்பு வந்தது. திறந்தால் பூஞ்சை வாடை. அதில் மூன்று பேருடைய டி.என்.ஏ. கிடைத்தது. கொண்டுவந்த ஏஜென்ட், "எது பொருந்துதோ அதைப் போடுங்க சார்" என்றார். இப்படியும் ஒரு தொழில்.

இந்த ஆட்களுக்கு லேபும் கிடையாது, படிப்பும் கிடையாது. சாம்பிளை வாங்கி எங்கோ கூரியரில் அனுப்புவார்கள், நடுவில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். "99.99 சதவீதம்" என்று கொட்டை எழுத்தில் ஒரு தாள் வரும். எந்த லேப், யார் சாம்பிள் எடுத்தார்கள், எண் அட்டவணை எங்கே என்று கேளுங்கள். அட்டவணை இல்லாத ரிப்போர்ட் வெற்றுத்தாள்.

அது என்ன எண்? டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பதுதான் எண். ஒவ்வொரு இடத்திலும் நமக்கு இரண்டு எண், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஆத்தாவுக்கு 14, 17 என்றும் உங்களுக்கு 17, 19 என்றும் வந்தால், 17 அங்கிருந்து வந்திருக்கலாம். இப்படி இருபது இடங்கள் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் ஒரு எண் பொருந்தினால், "எடுத்து வளர்த்த பிள்ளை" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்படியானால் அப்பச்சி? அதற்கு லேப் வேண்டாம். கல்யாண பந்தத்தில் பிறந்த பிள்ளையைக் கணவரின் பிள்ளை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தில் 112-வது பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தில் 116. சொத்து வழக்கில் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக டி.என்.ஏ. சோதனைக்கு இழுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. முறையாகத் தத்து எடுத்திருந்தாலும் 1956-ம் வருடச் சட்டப்படி உங்களுக்குப் பிள்ளை உரிமை உண்டு. ஆகவே சித்தப்பா எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு லாபம் இல்லை.

சித்தப்பாவே சாம்பிள் தர முன்வந்தால் ஒய் குரோமோசோம் பார்க்கலாம். அது தகப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் வரும், பங்காளிகள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் அந்த வம்சம் என்று சொல்லும். எந்த அண்ணன் தம்பிக்குப் பிள்ளை என்று சொல்லாது.

அப்பச்சியின் பொருள் எதுவும் உதவாது என்றதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு, அதை நிதானமாகப் படியுங்கள். அப்பச்சிக்கு எப்போதாவது பயாப்ஸி எடுத்தார்களா? கட்டியோ குடலோ, எதுவானாலும் சரி. எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, பதாலஜி லேபில் எண் போட்டு வைத்திருப்பார்கள். பல ஆஸ்பத்திரிகளில் அது வருடக்கணக்கில் இருக்கும். ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும் என்பதால் இருபது இடமும் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் பெயரும் எண்ணும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கும், சீப்பு மாதிரி யாருடையது என்ற சந்தேகம் வராது. ரிப்போர்ட்டின் மேல் மூலையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, மெழுகுக் கட்டியை அழிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பிளாக் (அந்த மெழுகுக் கட்டிதான்) வேண்டும் என்று கேளுங்கள். ஸ்லைடை நீட்டி அனுப்பப் பார்ப்பார்கள்.

ஆத்தாவுக்கு வருவோம். ஊசி வேண்டாம், கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தால் போதும். வெற்றிலை போடுகிறவர்கள் என்றால் வாயை நன்றாகக் கொப்பளித்து அரை மணி நேரம் கழியட்டும். குச்சியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும், பிளாஸ்டிக்கில் கூடாது. இப்படி நீங்களே எடுத்தது வீட்டுப் பேச்சுக்கு உதவும், கோர்ட்டுக்கு உதவாது. கோர்ட்டுக்கு வேண்டுமானால் உத்தரவு, டாக்டர் முன்னிலை, போட்டோ, கைரேகை, சீல். அந்த உத்தரவுக்குள் எத்தனை வாய்தா என்பது உங்களுக்கே தெரியும். 81 வயது ஆத்தாவின் சாம்பிளுக்கும் அதே வரிசையில் நிற்க வைப்பார்கள். அதனால் வக்கீலிடம் இந்த வாரமே பேசுங்கள்.

ஈப்போ பிறப்புச் சான்று, ஆத்தா-அப்பச்சியின் இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தப் பத்திரம்), உங்கள் கல்யாணத்துக்கு நகரத்தார் கோயிலிலிருந்து மாலை வந்த பதிவு, மூன்றையும் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து நகல் போடுங்கள். சீப்பை அந்த ஆளிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் நேரில் போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.