அம்மாவைப் பற்றி ஒரு பக்கம்

அன்புள்ள ஐயா,

என் அம்மா சென்ற மாதம் காலமானார். வயது 86. எங்களை எட்டுப் பேராகப் பெற்று வளர்த்தவர். உடம்பு இடங்கொடுத்த வரையில் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தின் காலைப் பூசையைத் தவறவிட்டதில்லை. முப்பதாம் நாள் பூசைக்குச் சிறிய நினைவு மலர் ஒன்றை அண்ணன் அச்சிடுகிறார். அதில் ஒரு பக்கம் நான் எழுத வேண்டுமாம். கடைசிவரை அம்மாவோடு இருந்த பெரியக்கா, தமக்கு எழுத வராது என்று ஒதுங்கிக்கொண்டார். நான் கோவிலுக்குப் போவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம்பிக்கை இல்லாத நான் அவருடைய நம்பிக்கையைப் பற்றி எழுதினால் அது பொய்யாகாதா? நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திலிருந்து நல்ல மனைவியைப் பற்றிய வசனத்தைப் போட்டு, ‘செபத்திலும் தியாகத்திலும் வாழ்ந்தவர்’ என்று முடித்துவிடு என்கிறார் அண்ணன். திருச்சபை சொன்னதற்காக எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, அடுப்படியிலும் முழங்காலிலும் ஆயுளைக் கழித்த ஒரு பெண்ணை இப்படிப் புகழ்வதா என்று எனக்குக் கோபம் வருகிறது. தமிழில் எழுதினால் பேரப்பிள்ளைகளால் படிக்க முடியாது என்பது இன்னொரு சங்கடம். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அம்மாவின் ஆத்துமா நித்திய இளைப்பாற்றி அடையட்டும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் என் அம்மாவின் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, வழியில் இருந்த பெண்களின் கல்லறை எழுத்துகளைப் படித்துக்கொண்டே வந்தேன். யாருக்கு மனைவி, யாருக்குத் தாய், எப்போது இறந்தார் என்பது எல்லாவற்றிலும் இருந்தது. உயிரோடு இருந்த காலத்தில் அவர் என்ன செய்தார் என்பது ஒன்றிலும் இல்லை.

உங்கள் கடிதமும் அப்படித்தான் இருக்கிறது. அண்ணன் சொன்னது இருக்கிறது, அக்கா மறுத்தது இருக்கிறது, உங்கள் கோபம் இருக்கிறது. அம்மா எப்போதாவது சொன்ன ஒரு வார்த்தை இல்லை, அவர் பெயர்கூட இல்லை. பெற்றவளுக்காகக் கோபப்படுகிறவர் முதலில் அவளைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்த வேண்டாமா?

தமிழா ஆங்கிலமா என்று யோசிக்க வேண்டாம். தமிழில் எழுதுங்கள், பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். நம்பிக்கை இல்லாதவன் எழுதலாமா என்பதும் பெரிய கேள்வி அல்ல. உங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் எழுதச் சொல்லவில்லை. உங்கள் கண்முன்னே ஒருவர் பல ஆண்டுகள் நாள்தோறும் செய்ததை எழுதச் சொல்கிறார்கள். அதற்குப் பார்த்திருந்தால் போதும்.

ஆனால் ‘திருச்சபை சொன்னதற்காக எட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அவரிடம் ஒரு நாளாவது கேட்டீர்களா? செயற்கைக் கருத்தடையைத் திருச்சபை ஏற்கவில்லை என்பதும், 1968இல் ஆறாம் பவுல் பாப்பரசர் தம் சுற்றுமடலில் அதையே மீண்டும் உறுதிப்படுத்தினார் என்பதும் உண்மை. அதே காலத்தில், 1971ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியப் பெண் ஒருவர் சராசரியாக ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பெற்றார் என்பதும், உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 130 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன என்பதும் உண்மை. எங்கள் தெருவில் இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஏழும் எட்டுமாகத்தான் பிள்ளைகள் இருந்தோம். உங்கள் அண்ணன் அம்மாவைத் தியாகி ஆக்குகிறார். நீங்கள் பலியாடு ஆக்குகிறீர்கள். இருவர் எழுத்திலும் அவர் தாமாக எதையும் முடிவு செய்வதில்லை. பக்தியுள்ள பெண் என்றால் தலைகுனிந்து கிடந்த பெண் என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

என் அம்மா ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவர். எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு ஐம்பத்து மூன்று மணிச் செபம், அதாவது செபமாலை. அப்பா ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவி, எங்களோடு சிமெண்டுத் தரையில் முழந்தாளிட வேண்டும். பத்துப் பத்து மணிகளாக வரும் ஐந்து பத்துகளையும் பிள்ளைகள் முறைவைத்துச் சொல்வோம். ஆனால் ஒவ்வொரு பத்துக்கும் முன்னால், அதை எந்தக் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று சொல்லும் உரிமை அம்மாவுக்கு மட்டுமே உண்டு. ஒரு நாள் முதல் பத்துக்கு முன்னால், “மூத்தவள் டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டிருக்கிறாள், இடம் கிடைக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொள்வோம்” என்றார். அப்பாவுக்கு அது அப்போதுதான் தெரியும். அக்காவுக்கு அவர் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் நிற்கிற மனிதர் மாதாவுக்கு முன்னால் என்ன சண்டை போட முடியும்? “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே” என்று பத்து முறை சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்து, பிறகு தணிந்தது. இரண்டாம் பத்து அப்பாவின் இருமல் குணமாக. மூன்றாம் பத்து மளிகைக் கடையில் இருந்த பாக்கி அடைய. மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுக்காத பெரிய அண்ணனுக்கு அது சுருக்கென்று பட்டிருக்கும். நான்காம் பத்து, குழாயடிச் சண்டையில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்த எதிர்வீட்டுப் பெண்ணின் பிரசவம் நல்லபடியாக நடக்க.

அக்கா டிரெயினிங் முடித்து ஆசிரியை ஆனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பெரிய முடிவும் செபமாலைக்கு வெளியே அறிவிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இதைச் சொன்னால், செபத்தை அவர் ஒரு உபாயமாக வைத்துக்கொண்டார் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைப்பவர்கள் செபத்தையும் அறியவில்லை, அம்மாவையும் அறியவில்லை. அவர் மாதாவிடம் உண்மையாகவே கேட்டார். மாதாவிடம் கேட்கிற ஒன்றைப் புருஷனிடமும் பிள்ளைகளிடமும் மறைக்க வேண்டியதில்லை என்பது அவருடைய தீர்மானம். அவர் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. பாறை வெடிப்பில் எந்த ஷிப்டில் யார் உயிர் போகும் என்று யாருக்கும் தெரியாது. அங்கே பெண்கள் செபமாலை சொல்லும்போது, அன்று கீழே இறங்கியிருக்கிற ஆண்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்வார்களாம். பொதுவாக ‘எல்லோரையும் காப்பாற்றும்’ என்று கேட்பது அம்மாவுக்குச் சம்மதமே இல்லை. யாருக்கு, எதற்கு, எவ்வளவு பாக்கி என்று சொல்லித்தான் கேட்பார். இது படிக்காதவளின் மூடப் பழக்கம் அல்ல, தம்பி. ஒரு பெரிய குடும்பத்தின் கவலைகளை ஒவ்வொரு நாளும் வரிசைப்படுத்தி, எது முதலில், எது பொறுக்கலாம் என்று நிறுத்துப் பார்த்த அறிவு அது. ஐந்து பத்துதான் உண்டு. ஒன்பது பிள்ளைகளில் அன்று யாருக்கு மிகுந்த தேவை என்பதை அவர் பகல் முழுவதும் யோசித்திருந்தால்தான் மாலையில் சொல்ல முடியும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். பூசை இலத்தீனில் நடந்த காலத்தில் அதன் பதிலுரைகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார். திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. பழைய செபங்களும் புதுத் தமிழில் மாறின. புதியவற்றைக் கோவிலுக்கும் பழையவற்றை வீட்டுக்கும் வைத்துக்கொண்டார். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர், செபமாலையில் தியானிக்கும் இயேசுவின் வாழ்க்கை நிகழ்ச்சிகளோடு ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்தபோது, அந்தத் தள்ளாத வயதில் அவற்றையும் ஒரு பேத்தியைப் படிக்கச் சொல்லி நெட்டுருப் போட்டார்.

உங்கள் அம்மா போன பேராலயத்தின் வரலாற்றை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: 1818இல் பிரெஞ்சு மறைபரப்பாளர் துபுவா சாமியார் சிறு ஆலயம் எழுப்பினார், 1882இல் கோதிக் பாணிக் கோவில் அபிஷேகம் ஆனது, 1973இல் பேராலயமானது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 தேர் வரைக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தை நிறைத்த பெண்களுக்கு அந்த வரலாற்றில் ஒரு வரியும் கிடையாது. அதை எழுத வேண்டியவர்கள் சாமியார்கள் அல்லர், பிள்ளைகள். நீங்கள் கிடைத்த ஒரு பக்கத்தையும் உங்கள் கோபத்துக்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

அண்ணன் விரும்பும் வசனத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீதிமொழிகள் 31ஐ நினைவு மலரில் போடுகிறவர்கள் 10ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவரை 16ஆம் வசனத்தையும் 24ஆம் வசனத்தையும் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் ஒரு நிலத்தை ஆராய்ந்து வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். துணி நெய்து விற்கிறாள். என் அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் லிங்கராஜபுரத்தில் 30க்கு 40 அடி மனை ஒன்று பார்க்கப் போனபோது, தரகர் பேசிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு, வாயில் ஊற்றிக் கொப்பளித்து, இன்னொரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “இதைப் பேசி முடியுங்கள்” என்று அப்பாவிடம் சொன்னார். அந்தக் காலையிலும் அவர் பூசைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். ஒரே பெண்தான் இரண்டையும் செய்தாள். செபத்தை அண்ணனுக்கும் அடுப்படியை உங்களுக்கும் பிரித்துக்கொண்டால், கிணற்றில் வாளி இறக்கிய பெண்ணை யார் எழுதுவது?

ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் பெரியக்காவிடம் போய் உட்காருங்கள். எழுத வராது என்றுதானே சொன்னார், சொல்ல வராது என்று சொல்லவில்லையே. அம்மா யாருக்காக எந்த நோன்பு இருந்தார், எந்தக் கடனை எப்படி அடைத்தார், உங்கள் அப்பாவோடு எதற்காகச் சண்டை போட்டு ஜெயித்தார், எட்டுப் பேரில் யாருக்காக அதிகம் அழுதார் என்று கேளுங்கள். பிள்ளைப்பேற்றைப் பற்றியும் அக்காவிடமே கேளுங்கள். பெண்களிடம் அம்மா சொன்னதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கேட்டதையெல்லாம் அவர் சொன்னபடியே எழுதுங்கள். எழுதிய பிறகு, ஒரு பக்கம் போதாது, நான்கு பக்கமாவது வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அச்சுச் செலவை எட்டுப் பேருமாகப் பங்கிட்டுக் கொள்ளலாம்.

அன்புடன்.