‘தெரிந்த இரண்டைச் சேர்த்ததுதானே’ என்று ஆய்வறிக்கை வந்தால்

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் சிறிய மின்னணு நிறுவனம் நடத்துகிறோம். கிடங்கில் எந்தப் பெட்டி, எந்த ஸ்கேனர் எங்கே இருக்கிறது என்று காட்டும் வைஃபை டேக் எங்கள் தயாரிப்பு. டேக் நெட்வொர்க்கில் சேராது. தேடல் செய்தியான ப்ரோப் ரிக்வெஸ்டுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அடையாள எண்ணை அனுப்பும். அது எந்த டேக் என்று ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி) கண்டுகொள்ளும், ஒட்டுக்கேட்கும் வெளியாளுக்குப் புரியாது. காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம். இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்தாலே இது வந்துவிடும், கண்டுபிடிப்புப் படி இல்லை என்று ஆய்வறிக்கை வந்திருக்கிறது. இதைச் செய்து முடிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. என்ன பதில் எழுதுவது?

பதில்: முதலில், அந்த இரண்டு வருடத்தைப் பதிலில் எழுதாதீர்கள். எவ்வளவு உழைத்தீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை. கண்டுபிடிப்புப் படி பற்றி மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1983, பிரிவு 15 கேட்பது ஒன்றுதான்: ஏற்கெனவே வெளியானவற்றை வைத்துப் பார்த்தால், இந்தத் துறையில் சராசரித் திறமை உள்ள ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா? அந்த ‘ஒருவர்’ ஒரு கற்பனை ஆள். வெளியான எல்லாவற்றையும் படித்திருப்பார், ஆனால் புதிதாகக் கற்பனை செய்யமாட்டார். உங்கள் பொறியாளர்கள் அவரைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தாலும், மெதுவானவர்களாக இருந்தாலும் கணக்கில் வராது.

இனி அறிக்கைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய நகலின்படி முதல் ஆவணம், ப்ரோப் ரிக்வெஸ்டில் தயாரிப்பாளர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் சாதன எண்ணை வைத்து அனுப்புவதைச் சொல்கிறது. வைஃபை தரத்தில் 221 என்ற எண் கொண்ட அந்தப் பகுதி எவரும் தங்கள் சொந்தத் தகவலை வைப்பதற்காகவே இருக்கிறது, ஆகவே அதில் எண் வைப்பதை யாரும் கண்டுபிடிப்பு என்று ஏற்கப்போவதில்லை. இரண்டாவது, புளூடூத்தில் 2010 முதல் இருக்கும் மாறும் முகவரி முறை. 48 பிட் முகவரியில் 24 பிட் சாதனமே தேர்ந்தெடுக்கும் தற்செயல் எண், மீதி 24 பிட் அந்த எண்ணையும் ரகசியச் சாவியையும் வைத்துக் கணக்கிட்ட மதிப்பு. சாவி வைத்திருப்பவருக்கு மட்டும் அது யார் என்று தெரியும்.

உங்கள் முதல் கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகம், ‘மாறும் அடையாளத்தை ப்ரோப் ரிக்வெஸ்டில் வைத்து அனுப்பும் முறை’ என்பதோடு நிற்கிறது. வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்த வடிவில் அது தேறாது. கைப்பேசிகள் வைஃபையில் தங்களைக் காட்டும் சாதன எண்ணான மேக் முகவரியை மாற்றத் தொடங்கி 10 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஐபோனில் அதைக் கொண்டுவந்த ஐஓஎஸ் 8 வந்தது 2014இல். ஒட்டுக்கேட்பவரிடமிருந்து அடையாளத்தை மறைக்க வேண்டும் என்ற பிரச்சினை ஊரறிந்தது, அதற்குப் புளூடூத்காரர்கள் கண்ட தீர்வு பக்கத்து அறையிலேயே இருக்கிறது. அதை எட்டி எடுக்க நம் கற்பனை ஆளுக்குத் தூண்டுதலும் உண்டு, வழியும் உண்டு. இந்த இடத்தில் அறிக்கை எழுதிய காப்புரிமைப் பரிசோதகரோடு மல்லுக்கட்டினால் கட்டணம்தான் வீண்.

ஆனால் கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு நீங்கள் தந்த விவரக் குறிப்பில், பின்பக்கங்களில், யாரும் கவனிக்காத ஒரு பத்தி கிடக்கிறது. கிடங்கு முழுவதற்கும் பொதுவான ஒரு ‘சுற்று எண்’ணை ஆக்சஸ் பாயின்ட்டுகள் தாங்கள் விடாமல் ஒலிபரப்பும் அறிவிப்புச் செய்தியான பீக்கனில் அறிவிக்கின்றன. டேக் விழித்ததும் முதலில் பீக்கனைக் கேட்கிறது, அந்தச் சுற்று எண்ணோடு தன் சாவியைச் சேர்த்து அடையாளத்தைக் கணக்கிடுகிறது, பிறகுதான் அனுப்புகிறது. கட்டுப்பாட்டுக் கணினி ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லா டேக்குகளின் எண்களையும் முன்கூட்டியே அட்டவணையாகப் போட்டு எல்லா ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கும் கொடுத்துவிடுகிறது. வந்த எண்ணை அட்டவணையில் ஒருமுறை பார்த்தால் போதும்.

உங்கள் சண்டை இங்கேதான் நடக்க வேண்டும். புளூடூத் முறையில் தற்செயல் எண்ணைத் தேர்ந்தெடுப்பது சாதனம், ஆகவே கேட்பவர் தன்னிடம் உள்ள சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 3,000 டேக் இருந்தால் ஒரே செய்திக்கு 3,000 முறை வரை கணக்கிட நேரலாம். உங்கள் முறையில் எண்ணைத் தருவது வலையமைப்பு. யார் முதலில் பேசுகிறார், யார் எதைக் கணக்கிடுகிறார் என்ற வரிசையே புரண்டிருக்கிறது. சமிக்ஞை சார்ந்த கண்டுபிடிப்புகளில் எந்தப் பகுதியில் எந்த எண் என்பதைவிட இந்த வரிசைதான் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. இதை எழுதுபவர்கள் ஏனோ அதைக் கடைசிப் பக்கத்தில்தான் ஒளித்து வைக்கிறார்கள்.

பரிசோதகர் சும்மா இருக்கமாட்டார். நேரத்தை வைத்து மாறும் எண் வங்கிக் கடவு எண்களிலேயே உண்டு, பீக்கனில் ஏற்கெனவே 64 பிட் நேர முத்திரை இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டால் ஆயிற்று என்பார். நியாயமான அடி. பதிலும் இருக்கிறது. அந்த நேர முத்திரை ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் தனித்தனியாக ஓட்டும் மைக்ரோவினாடிக் கணக்கு. மின்சாரம் போய் வந்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகளின் எண் ஒத்துப்போகாது. அதை நம்பினால் கிடங்கு முழுவதற்கும் ஒரே அட்டவணை போட முடியாது.

இன்னொன்றையும் சேருங்கள். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும். பேட்டரியில் ஓடும் டேக் செய்கிறவர், அவ்வளவு நேரம் ரிசீவரைத் திறந்து வைத்திருக்க விரும்பமாட்டார். அனுப்பிவிட்டு உடனே தூங்கத்தான் பார்ப்பார். சராசரி ஆள் விலகிப்போகும் திசையில் நீங்கள் போயிருக்கிறீர்கள். டேக்கின் மின் செலவு அளவீடுகள் இருந்தால் இணையுங்கள். வெறும் வாதத்தைவிட ஒரு வரைபடம் கூடுதலாகப் பேசும்.

இந்த வாதத்தை அடுக்க நான்கு கேள்வி முறை உதவும்: அந்தச் சராசரி ஆள் யார், அவருக்குத் தெரிந்தது என்ன (இரண்டும் சேர்ந்து முதல் கேள்வி), கிளெய்மின் சாரம் என்ன, பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன, விடையைப் பார்க்காமல் யோசித்தால் அந்த வித்தியாசம் எளிதில் தோன்றுமா. இது இங்கிலாந்தில் நடந்த விண்ட்சர்ஃபிங் வழக்கிலிருந்து வந்தது. பாய்மரப் பலகைக்கான காப்புரிமை, 1958இல் 12 வயதுப் பையன் ஒருவன் தானே செய்து கடலில் ஓட்டிய பலகையால் செல்லாமல் போன வழக்கு அது. நான்காவது கேள்விதான் உங்களுக்கு முக்கியம். விடை தெரிந்த பிறகு எந்த விடுகதையும் எளிதுதான். பரிசோதகர் உங்கள் விவரக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஆவணங்களை ஒட்டுகிறார் என்றால், அந்த இரண்டையும் ஒட்டச் சொல்லும் காரணம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சரி, கிளெய்மை எப்படி மாற்றுவது? சுற்று எண், கேட்டுவிட்டுப் பேசும் வரிசை, பொது அட்டவணை மூன்றையும் முதல் கிளெய்முக்குள் கொண்டுவாருங்கள். முதலில் தாக்கல் செய்த விவரக் குறிப்பைத் தாண்டி எதையும் சேர்க்க முடியாது. அந்தப் பத்தி அங்கே இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். சுற்று மாறும் இடைவெளி, பழைய சுற்று எண்ணோடு தாமதமாக வரும் டேக்கை ஏற்பது போன்றவற்றை, முதல் கிளெய்மின் மேல் கூடுதல் அம்சம் சேர்க்கும் சார்பு கிளெய்ம்களாக வையுங்கள். முதன்மை கிளெய்ம் விழுந்தால் சார்பு கிளெய்ம்களும் தானாக விழும் என்ற நிலை சில வருடம் இங்கே இருந்தது. மெர்க் – ஹோவிட் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2019இல் அதை மாற்றியது. இப்போது ஒவ்வொரு சார்பு கிளெய்மும் தன் பலத்தில் நிற்கலாம். ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம்.

பதில் அனுப்பும் முன் வைஃபை தரக்குழுவின் பொது ஆவணங்களைத் துழாவுங்கள். மேக் முகவரி மாறினாலும் சாதனத்தை அடையாளம் காண்பதற்காகவே 802.11பிஎச் என்ற திருத்தம் வந்திருக்கிறது. அதில் வலையமைப்பு சாதனத்துக்கு ஓர் அடையாளத்தைக் கொடுத்து, அடுத்த முறை அதைக் காட்டச் சொல்லும் வழி உண்டு. அங்கே உறுப்பினர்கள் போடும் வரைவுத் தாள்கள்கூட இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. உங்கள் தாக்கல் தேதிக்கு முன் வந்த தாள் என்றால், அதுவும் உங்களுக்கு எதிராக நிற்கும். பரிசோதகர் பார்க்காததை நாளை போட்டியாளரின் வழக்கறிஞர் பார்ப்பார். நீங்களே முதலில் பார்ப்பது மலிவு.

இவ்வளவுக்குப் பிறகும் பரிசோதகர் மசியவில்லை என்றால் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழாக மாற்றலாம். அதற்குப் புதுமை வேண்டும், கண்டுபிடிப்புப் படி தேவையில்லை. ஆனால் ஒரே ஒரு கிளெய்ம்தான். 10 வருடம், அப்புறம் ஐந்தைந்தாக இரண்டு நீட்டிப்பு. டேக் போன்ற பொருளுக்கு இது மட்டமான பேரம் இல்லை, என்னைக் கேட்டால் பலர் இதைத் தேவையில்லாமல் ஏளனம் செய்கிறார்கள். மாற்றக் கேட்பதற்கும் கெடு உண்டு என்பதால் ஏஜென்ட்டிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், மேம்படுத்திய டேக்கை அடுத்த மாதம் கண்காட்சியில் வைக்கப்போவதாகவும் சிங்கப்பூர் கூட்டாளி அங்கேயே தாக்கல் செய்யலாம் என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்களே வெளியிட்டது உங்களுக்கு எதிராக நிற்காமலிருக்க மலேசியாவில் ஒரு வருட விலக்கு உண்டு, ஐரோப்பாவில் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அதோடு, இங்கே வசிப்பவர் முதலில் மலேசியாவில் தாக்கல் செய்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அல்லது பதிவாளரின் எழுத்து அனுமதி பெற வேண்டும். பிரிவு 23ஏ. அதை மீறுவது குற்றம். மேம்படுத்தியதற்கான புதிய விண்ணப்பத்தைக் கண்காட்சிக்கு முன்பே மலேசிய அறிவுசார் சொத்து அலுவலகமான மைஐபிஓவில் போட்டுவிடுங்கள், சிங்கப்பூர் அதற்குப் பிறகு.