நர்ஸ் வீட்டுக்கு வந்தால் எதைப் பார்ப்பார்?

கேள்வி: எனக்கு 19 வயது. முதல் கர்ப்பம், ஐந்தாம் மாதம். நிலையான வருமானம் இல்லை, ஒற்றை அறையில் இருக்கிறோம். குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து போவார், செலவில்லை என்கிறார்கள். வீட்டு நிலைமையைப் பார்த்து 'இவளால் பிள்ளை வளர்க்க முடியாது' என்று எழுதிவிடுவாரோ? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். நீங்களாக விரும்பிச் சேர்கிற திட்டம்தான் இது. பிடிக்கவில்லை என்றால் அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம்.

கழுவாத பாத்திரத்தைப் பார்க்க அவர் வரவில்லை. முகம் திடீரென்று வீங்குகிறதா, தலைவலி விடாமல் இருக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்பார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாத விஷயம். பிள்ளை பிறந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "பாரும்மா, தலையைத் திருப்பித் தேடுது, கையை வாய்க்குக் கொண்டுபோகுது, இதுதான் பசி. வீறிட்டு அழற வரைக்கும் காத்திருக்காதே" என்று காட்டுவார். சொன்னால் மறந்துவிடும், சொந்தப் பிள்ளையின் முகத்தில் பார்த்தால் மறக்காது.

1970களின் கடைசியில் அமெரிக்காவின் எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் 400 கர்ப்பிணிகளோடு இதைச் சோதித்தார். பிள்ளைகளுக்கு 15 வயதானபோது பார்த்தால், பிரசவத்துக்குப் பிறகும் நர்ஸ் தொடர்ந்து போன குடும்பங்களில் பிள்ளையை அடித்தது, கவனிக்காமல் விட்டது என்கிற புகார்கள், நர்ஸ் போகாத குடும்பங்களில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். அதற்காக எல்லா ஊரிலும் அற்புதம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் தாய்மாரின் புகைப்பழக்கமும் குறையவில்லை, குழந்தையின் பிறப்பு எடையும் கூடவில்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் ஏற்கெனவே நல்ல கவனிப்பு இருந்தது காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் நர்ஸ் பொதுவாக அதை மேலே சொல்லியாக வேண்டும். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் ஒற்றை அறை என்பது ஆபத்து இல்லை. இந்தத் திட்டம் ஏற்பட்டதே கையில் காசில்லாத, முதல் பிள்ளை பெறப்போகிற பெண்களுக்காகத்தான். முதல் நாளே, "நான் சொல்வதில் எதையெல்லாம் வெளியே சொல்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அவரேதான் வருவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் மனம்விட்டுப் பேச வராது.

ஒன்று மட்டும், தள்ளிப்போடாதீர்கள். எல்மைராவில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வழக்கமாக 28 வாரத்துக்குள் சேர வேண்டும். உங்கள் ஊர்க் கணக்கு என்னவென்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.