பழைய நிலக்கரி நிலையத்தில் புதிய மின்சாரம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் அனல்மின் நிலையத்தில் 250 மெகாவாட் யூனிட்கள் இரண்டு ஓடுகின்றன. ஒன்றை ஐந்து வருடத்தில் மூடப்போகிறார்கள். வளாகத்தில் நிரம்பிப்போன பழைய சாம்பல் குளத்தையும் சேர்த்து சுமார் 200 ஏக்கர் காலியாகக் கிடக்கிறது. இங்கே தூய்மையான மின் திட்டங்களைக் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சோலார், பேட்டரி, பயோமாஸ் (மரம், பயிர்க் கழிவு போன்ற எரிபொருள்), ஹைட்ரஜன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதலில் எதைத் தொடுவது?

பதில்: காலி நிலத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் சுவிட்ச்யார்டுக்குப் போங்கள், அதாவது நிலையத்தின் மின்சாரம் வெளி லைன்களில் ஏறும் இடத்துக்கு. உங்களிடம் இருப்பதிலேயே மதிப்பு மிக்கது, 500 மெகாவாட்டை வெளியே அனுப்பக்கூடிய அந்த கிரிட் (மின் கட்டமைப்பு) இணைப்புதான். புதிதாக சோலாரோ காற்றாலையோ அமைப்பவர்கள் அப்படி ஓர் இணைப்புக்காக வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள்.

நிலத்தை மட்டும் நம்பினால் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிடுவோம். ஒரு மெகாவாட் சோலாருக்குத் தோராயமாக 4 முதல் 5 ஏக்கர் வேண்டும். அப்படியென்றால் உங்கள் 200 ஏக்கரில் 40, 50 மெகாவாட் வரும். கனடாவின் நான்டிகோக் நிலையம் ஒரு காலத்தில் சுமார் 4,000 மெகாவாட் திறன் கொண்டது. 2013இல் அங்கே நிலக்கரி நின்றது. 2019இல் அதே இடத்தில் வந்த சோலார் 44 மெகாவாட். நல்ல திட்டம்தான், ஆனால் மதில் சுவருக்குள்ளேயே யோசித்தால் அளவு இப்படித்தான் சுருங்கும். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெர்கோ நிலையத்தினர் வேறு மாதிரி யோசித்தார்கள். மூடப்படும் யூனிட்களின் கிரிட் இணைப்பைப் பயன்படுத்திக்கொள்ள, சுற்றியுள்ள நிலங்களில் 700 மெகாவாட்டுக்கு மேல் சோலார் திட்டமிட்டார்கள். நீங்களும் பக்கத்து நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து, கம்பியை உங்கள் சுவிட்ச்யார்டுக்குக் கொண்டுவரலாம்.

"இரண்டு யூனிட்டும் ஓடும்போது லைனில் இடம் ஏது?" என்று கேட்பீர்கள். இடம் நேரத்தில் இருக்கிறது. இரண்டு யூனிட்டையும் நண்பகலில் 55 சதவீதத்துக்கு இறக்கினால் 275 மெகாவாட்தான் வெளியே போகும். மீதி 225 மெகாவாட் சோலாருக்குக் கிடைக்கும். 40 சதவீதம் வரை இறக்க முடிந்தால் அதுவே 300 ஆகும். ஆகவே பாய்லரைக் குறைந்த சுமையில் நிலையாக எரிய வைப்பதும் சோலார் திட்டத்தின் ஒரு பாகம்தான். பர்னர், நிலக்கரியைப் பொடியாக்கும் மில், கட்டுப்பாட்டு அமைப்பு எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். தினமும் ஏற்றி இறக்கினால் நீராவியைச் சேர்த்துக் கொண்டுபோகும் தடித்த குழாய்களான ஹெடர்களும், டர்பைனின் சுழலும் பகுதியான ரோட்டரும் வெப்பச் சோர்வுக்கு ஆளாகும், அதாவது சூடாகிக் குளிர்ந்தே விரிசல் விடும். அந்தப் பராமரிப்புச் செலவைத் திட்டக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்த்தால் சோலார் மேல் பழி விழும்.

இன்னொன்று மிக முக்கியம். இணைப்பு ஒப்பந்தம் பெரும்பாலும் குறிப்பிட்ட யூனிட்டின் பெயரில் இருக்கும். யூனிட் மூடிய பிறகு அந்த உரிமை பல இடங்களில் காலாவதியாகிவிடும். மாற்று உற்பத்திக்கான விண்ணப்பத்தை மூடும் தேதிக்கு வெகு முன்பே கொடுக்க வேண்டும். ஐந்து வருடம் நீளமாகத் தெரியும். அனுமதி, கிரிட் ஆய்வு, டெண்டர் எல்லாம் சேர்ந்தால் அது போதுவதே சிரமம்.

பேட்டரிக்குச் சில ஏக்கர் போதும், நண்பகல் மின்சாரத்தை மாலைக்கு நகர்த்திவிடும். அதனால் முதல் திட்டமாக நான் பேட்டரியைத்தான் வைப்பேன். ஆனால் காலியாகும் டர்பைன் ஹாலைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பழைய மின் நிலையத்தின் டர்பைன் கட்டடத்துக்குள் 300 மெகாவாட் பேட்டரி வைத்திருந்தார்கள். 2025 ஜனவரியில் அங்கே தீப்பிடித்துப் பெருமளவு எரிந்துபோனது. திறந்த வெளியில், இடைவெளி விட்டு வைத்த கண்டெய்னர்கள், நிலக்கரிக் கிடங்கிலிருந்து தள்ளி. இதில் சமரசம் வேண்டாம்.

சாம்பல் குளம் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும். கீழே ஈரச் சாம்பல் சேறு மாதிரி இருக்கலாம். துளையிட்டு மண் பரிசோதனை செய்யாமல் ஒரு பேனல்கூட வைக்காதீர்கள். கம்பம் அடித்து இறக்காமல், மேலே உட்காரும் கான்கிரீட் எடைகளில் சட்டத்தை நிறுத்துவதுதான் அங்கே பொருந்தும். அப்படிச் செய்தால் குளத்தை மூடிய மேலுறையைத் துளைக்க வேண்டியிருக்காது, மண் ஏறி இறங்கினால் சரிசெய்யவும் முடியும். அப்புறம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். நிலக்கரித் தூசியும் பறக்கும் சாம்பலும் பனியில் நனைந்து காய்ந்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு தண்ணீர் விட்டுக் கழுவினாலும் லேசில் போகாது.

மூடப்படும் யூனிட்டின் ஜெனரேட்டரைப் பழைய இரும்பாகப் போடுவதற்கு முன் கிரிட் இயக்குநரிடம் பேசுங்கள். டர்பைனைக் கழற்றிவிட்டு அதை சிங்க்ரோனஸ் கண்டென்சராக, அதாவது கிரிட் மின்சாரத்திலேயே சும்மா சுழன்றபடி கிரிட்டைத் தாங்கும் இயந்திரமாக, ஓட விடலாம். எரிபொருள் இல்லாமலே வோல்டேஜைத் தாங்கும், சுழலும் எடையால் அதிர்வெண்ணுக்கும் கொஞ்சம் துணை நிற்கும். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஈஸ்ட்லேக் நிலக்கரி நிலையத்தின் ஜெனரேட்டர்களை இப்படித்தான் மாற்றினார்கள். சோலாரும் காற்றும் கூடும் இடங்களில் இந்தச் சேவைக்குத் தேவை கூடிக்கொண்டே போகிறது. அதற்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு உங்கள் பகுதியில் இருக்கிறதா என்பதை மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பயோமாஸில் எனக்குத் தயக்கம் உண்டு. 5 முதல் 10 சதவீதம் கலந்து எரிப்பது பெரிய மாற்றம் இல்லாமல் முடியும். அறுவடைக் கழிவு பக்கத்திலேயே கிடைத்தால் செய்யுங்கள். வைக்கோல் வகையில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம் இருப்பதால் பாய்லர் குழாய்களில் படிவும் அரிப்பும் வரும். பெல்லட்டை (அழுத்திச் செய்த எரிபொருள் உருளைகளை) மழையில் விட முடியாது. பிரிட்டனின் டில்பரியில் 2012இல் பெல்லட் கிடங்கே தீப்பிடித்தது. அதே நாட்டில் முழுமையாக மரத்துக்கு மாறிய டிராக்ஸ் நிலையம் பெல்லட்டைப் பெரும்பாலும் கடல் தாண்டி வட அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறது. அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹைட்ரஜன் இப்போது வேண்டாம். ஒரு கிலோ தயாரிக்க 50 யூனிட்டுக்கு (கிலோவாட் மணி) மேல் மின்சாரம் போகும். அதை மறுபடி எரித்து மின்சாரமாக்கினால் பாதிகூடத் திரும்பாது. மூடப்போகும் யூனிட்டில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆலை கட்டுவதும் சரிவராது. போட்ட பணம் திரும்புவதற்குள் யூனிட் நின்றுவிடும்.

ஆட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விட மாட்டேன். தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி நிலையம் 2022 அக்டோபரில் நின்றது. 150 மெகாவாட் சோலார், 70 மெகாவாட் காற்றாலை, 150 மெகாவாட் பேட்டரி என்று திட்டம் இருந்தது. ஆனால் அவை எழும்பும் முன்பே நிலையம் நின்றதால் சுற்றியுள்ள மக்கள் பெரிதும் அடிபட்டார்கள். உங்கள் ரிலே (மின் பாதுகாப்புக் கருவி), சுவிட்ச்யார்டு, கன்ட்ரோல் ரூம் ஆட்களுக்குப் புதிய திட்டத்தில் நேரடியாக வேலை உண்டு. நிலக்கரி கையாளும் பிரிவிலும் சாம்பல் பிரிவிலும் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். அவர்கள் பெயர்ப் பட்டியலை இன்றே எடுங்கள். யாருக்கு எந்தப் பயிற்சி, எந்த வருடம் என்று அதிலேயே எழுதிவையுங்கள்.

அடுத்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடந்த ஒரு வருடத்தில் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் லைனில் எத்தனை மெகாவாட் போனது என்ற கணக்கை எடுத்து வரைபடமாக்குங்கள். சோலார் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் என்பதை அந்தப் படத்தில் தெரியும் பள்ளங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.